பரிமளா உட்காரும் இடம்

வண்டி வாங்கக் கடைக்குப் போன கொளஞ்சி, முதலில் பின்சீட்டில்தான் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் இருக்கிற மின்சார ஸ்கூட்டர் கடை அது. வண்டிகளைக் காட்டிக்கொண்டிருந்த அறிவரசன் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, ஒரு வண்டியின் சாவியைத் திருகிக் காட்டி, "முன்னாடி உக்காந்து பாருங்கம்மா, பூ மாதிரி போவும்" என்றான். கொளஞ்சி முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கால் வைக்க இடம் தேடினாள். விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டுதான் இருந்தது.

"இதுல எப்படி கால் வெக்கிறது? பள்ளத்துல எறங்குனா ஆளத் தூக்கி எறிஞ்சுராது?"

"நீங்கதானேம்மா ஓட்டப்போறீங்க?"

"நான்தான் ஓட்டுவேன். பின்னாடி உக்கார்றவளும் மனுசிதானே தம்பி."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இந்த மெதுவண்டிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. பால் சொசைட்டிக்கும் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் காட்டுக்கும் போய்வருகிற பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதைச் செய்கிற புண்ணியவான்கள், பெண்கள் எங்கேயும் தனியாகப் போவதில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். முன்னால் இருப்பவருக்கு மெத்தை, பின்னால் இருப்பவருக்கு ஒரு சாண் பலகை. கொளஞ்சி அன்றைக்கு அந்தக் கடையில் ஐந்தாறு வண்டிகளில் ஏறி இறங்கினாள். எல்லாவற்றிலும் பின்னால்தான். அங்கிருந்து பாலக்கரைப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்குப் போய் அங்கேயும் அதையே செய்தாள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்ப முதல் கடைக்கே வந்தாள்.

அறிவரசனுக்கு இதற்குள் பொறுமை போய்விட்டது. ஆனாலும் தொழில் ஆயிற்றே. பின்னால் நீளமான சீட்டும், சாய்ந்துகொள்ளக் கம்பியும், அகலமான கால்மிதியும் உள்ள ஒரு வண்டியை உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்தான். சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பும் இருந்தது. நிறம் நாவற்பழ நிறம். கொளஞ்சி ஏறி உட்கார்ந்து, கம்பியில் முதுகைச் சாய்த்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பின்னாடி யாரும்மா வருவாங்க? உங்க பொண்ணா?"

"எங்க ஓரகத்தி."

"அவங்களையும் கூட்டியாந்திருக்கலாமேம்மா. அவங்களே உக்காந்து பாத்திருப்பாங்கள்ல."

"வருவா" என்றாள் கொளஞ்சி.

பரிமளா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஓரகத்திகள் என்றாலே ஊர் சண்டையை எதிர்பார்க்கும். கொளஞ்சியும் பரிமளாவும் ஊரை ஏமாற்றாமல் அவ்வப்போது சண்டை போட்டார்கள். அண்ணன் அங்கமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்ட கொளஞ்சி, ரஞ்சன்குடிப் பக்கத்துக்காரி. தம்பி முத்தமிழ்செல்வனுக்கு வாழ்க்கைப்பட்ட பரிமளா, திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரைக்காரி, இவளைவிட ஏழெட்டு வயது சின்னவள். குரும்பலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊரில் ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு. "உங்க ஊர்ல மாடுகூட தண்ணியக் கண்டா மெரளும்க்கா" என்று பரிமளா கேலி பேசுவாள். "நெல்லுச்சோறு தின்னு கொழுத்தவளுக்கு வாயி" என்று கொளஞ்சி திருப்பிக் கொடுப்பாள். பேசுவதெல்லாம் பேசிவிட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்ற இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். பருத்தி எடுக்கப் போனாலும் சேர்ந்துதான். கொளஞ்சியின் ஒரே மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, அவளுக்குப் பேச்சுத்துணை என்றால் பரிமளாதான். மாமியார் காலமான வீட்டில், தம்பி சவுதியிலும் அண்ணன் வெங்காயக் காட்டிலுமாக இருக்க, இந்த இருவரும் பரிமளாவின் மகள் சிந்துவும்தான் குடும்பம்.

வண்டி யோசனை பரிமளாவுடையது. ஊருக்கு வருகிற நர்ஸம்மா சத்தமில்லாமல் ஒரு வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. வெங்காயத்தாள் அறுக்கும்போதும் அது, மாட்டுக்குத் தீவனம் கலக்கும்போதும் அது. "பெட்ரோல் வேணாம், கியர் வேணாம். செல்போன் மாதிரி சார்ஜ் போட்டா போதும்க்கா." கொளஞ்சிக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. யார் ஓட்டுவது?

பரிமளாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். கொள்ளிடக்கரைக் காற்றில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டியவள் அவள். கொளஞ்சி வாடகை சைக்கிளில் நாலு நாள் விழுந்து எழுந்து பழகியதோடு சரி. எவருக்கும் பதில் தெரிந்த கேள்விதான். ஆனால் கொளஞ்சி ஒப்பவில்லை.

"மூத்தவ பின்னாடி குந்திக்கிட்டு, சின்னவ ஓட்டிக்கிட்டுப் போனா ஊரு என்னடி சொல்லும்?"

"ஊருக்கு என்னக்கா, வேலையில்லாதப்ப எதாவது சொல்லும். நான் ஓட்டறேன், நீங்க ராசாத்தி மாதிரி உக்காந்து வாங்க."

"நீ உக்காந்து வா ராசாத்தி மாதிரி. நான் ஓட்டறேன்."

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆடி பிறந்தது. கடைகளில் ஆடித் தள்ளுபடி போட்டார்கள். இப்போதே வாங்கிவிடலாம் என்றாள் பரிமளா. ஆடியில் யாராவது வண்டி வாங்குவார்களா என்று கொளஞ்சி ஒரே பிடியாகப் பிடித்தாள். துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், வண்டி கூடவே கூடாது, ஆவணி பிறக்கட்டும். சாத்திரம் பேசினாளே தவிர, உண்மையில் அவளுக்கு ஆடி ஒரு சாக்கு. தள்ளிப்போட்டால் பரிமளா இறங்கிவருவாள் என்று நினைத்தாள். பரிமளா இறங்கிவரவில்லை. "எங்க வூட்டுக்காரரு அனுப்புற காசு. ஓட்டறது மட்டும் நீங்களா? காலம்பூரா நான் உங்க முதுகப் பாத்துக்கிட்டே வரணுமாக்கா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சொல் கொளஞ்சிக்குச் சுருக்கென்று தைத்தது. அதோடு பேச்சு நின்றது. ஒருத்தி வாசலில் நின்றால் மற்றவள் கொல்லைப்புறம் போனாள். பாலைக்கூடத் தனித்தனியாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள்.

ஆடிப்பெருக்குக்குப் பரிமளா தாய்வீடு போனாள். மகள் சிந்துவுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கொளஞ்சிக்குப் போன் வந்தது.

"அக்கா, முக்குல எறங்கிட்டேன். மினி பஸ்ஸு போயிருச்சு. பெரிய மாமாவ வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

குரலில் சண்டை இல்லை. தாய்வீட்டில் ஆற்றுக்குப் போய், தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, கோபத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவளின் குரல் அது. கொளஞ்சிக்கு அது புரிந்தது. புரிந்துதான் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாள். அங்கமுத்து வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான். அவனுடைய பழைய மொபெட் சுவர் ஓரமாக நின்றது.

"அவரு காட்டுல இருக்காரு. நடந்து வா. காலு தேஞ்சு போயிராது."

"சரிக்கா" என்று பரிமளா வைத்துவிட்டாள்.

ஜல்லி ஏற்றிவந்த டிப்பர் ஏரிக்கரை வளைவில் அவளை அடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொளஞ்சி போய்ப் பார்த்தபோது, ரோடெல்லாம் வெல்லம் கலந்த காப்பரிசி சிதறிக் கிடந்தது. ஆற்றுக்குப் படைத்ததில் பங்காக ஒரு பொட்டலம், கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் கயிறு. வீட்டில் கட்டிக்கொள்கிறவள் வேறு யார்? தனக்குத்தான் அதைக் கொண்டுவந்தாள் என்று கொளஞ்சிக்குத் தெரிந்துபோயிற்று. அங்கமுத்துவிடம் அவள் போன் வந்ததைச் சொல்லவில்லை. சவுதியிலிருந்து ஓடிவந்து, ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப்போன முத்தமிழ்செல்வனிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷமும் அவள் நன்றாகத் தூங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. தூங்கியிருந்தால் அவளை நான் மன்னிக்கவும் மாட்டேன்.

வருஷ திதி கொடுத்து முடித்த ஆவணியில், வண்டி வாங்க வேண்டும் என்றாள்.

"இப்ப எதுக்குடி வண்டி?" என்றான் அங்கமுத்து.

"வாங்கறதாப் பேசியிருந்தோம்."

"யாரு பேசியிருந்தது?"

அவள் பால்கேனைக் கழுவ எழுந்து போய்விட்டாள். அவனும் மேலே கேட்கவில்லை. மனைவி ஒரு வருஷத்தில் கேட்ட முதல் பொருள் அது. வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

அப்படித்தான் அந்த நாவற்பழ நிற வண்டி தீர்மானமானது. அறிவரசன் எல்லாவற்றையும் விளக்கினான். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். ஒற்றை ஆளாகப் போனால் அறுபது கிலோமீட்டர் ஓடும். "டபுள்ஸ் போனா நாப்பதுதாம்மா வரும். பின்னாடி வெயிட் இருந்தா பேட்டரி சீக்கிரம் எறங்கும். அதுக்குத் தகுந்தாப்புல பாத்துக்கங்க." கொளஞ்சி தலையாட்டினாள். புறப்படும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள். பின்பிரேக்கை நன்றாக இறுக்கிக் கொடுக்கச் சொன்னாள். இவ்வளவு போதும் என்று மெக்கானிக் சொன்னதற்கு, இன்னும் இறுக்கு என்றாள். அவன் இறுக்கிக் கொடுத்தான்.

ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். மறுநாளிலிருந்து கொளஞ்சி ஓட்டினாள். முதலில் தெருவிலேயே சுற்றினாள். பிறகு சொசைட்டிக்கு. பிறகு சந்தைக்கு. பால்கேனைக் காலடியில் வைத்தாள். தீவன மூட்டையைக் காலடியில் வைத்தாள். காய்கறிப் பையைக் கைப்பிடிக் கொக்கியில் மாட்டினாள். பின்சீட்டில் ஒரு வெங்காயத் தாளைக்கூட வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு வீராயி ஒருநாள் வழிமறித்தாள். "கொளஞ்சி, என்னைய சந்தையில எறக்கி வுட்டுடேன். முழங்கால் வலி தாங்கல."

"பேட்டரி தாங்காதுக்கா. நின்னு போயிரும்."

"ஏன், நர்ஸம்மா வண்டி தாங்குது?"

"அது வேற வண்டிக்கா."

வீராயி சும்மா இருப்பாளா? புதுவண்டி வந்ததும் கொளஞ்சிக்குத் தலை கனத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னாள். கொளஞ்சி கண்டுகொள்ளவில்லை. தலைக்கனம் என்றே இருக்கட்டும். சீட்டு காலியாக இல்லை என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

சத்தமில்லாத வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. பின்னால் இருக்கிறவர் வாய் திறந்தால் ஒரு சொல்கூடத் தப்பாது. கொளஞ்சி அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினாள். காற்றுச் சத்தம், சரளைக்கல் நொறுங்கும் சத்தம், வேறொன்றும் இல்லை. ஏரிக்கரை வளைவு வரும்போது மட்டும் வண்டி திணறும். ஏற்றம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் வளைவுக்கு முன்னால் அங்கே இறக்கம்தான்.

ஒரு மாதம் கழித்து முதல் சர்வீசுக்குக் கடைக்குப் போனாள். எவ்வளவு ஓடுகிறது என்று அறிவரசன் கேட்டான். சொன்னாள். சந்தைக்கும் காட்டுக்கும் போய்வந்து, இரண்டு நாளில் சார்ஜ் காட்டுகிற கட்டம் எல்லாம் இறங்கி, கடைசிக் கட்டம் மினுக்குகிறது என்றாள். அவன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான்.

"நாப்பதுகூட முழுசா வரல. டபுள்ஸ்லயேதான் ஓட்டறீங்களாம்மா? உங்க ஓரகத்தி தெனமும் கூட வர்றாங்களா?"

  வண்டியில் ஏதாவது கோளாறா என்று பார்க்கவா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம், நேரமாச்சு என்று கொளஞ்சி சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள். குரும்பலூர் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஓரமாக நிறுத்தி, பக்கக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பினாள். சீட்டும் சாய்வுக்கம்பியும் தெரிந்தன. அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கண்ணாடியை அவள் மறுபடி நேராக்கவில்லை.

பயம் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் இரண்டு தடவை மொபெட்டில் கொண்டுபோய் விடச்சொல்லி அங்கமுத்துவைக் கெஞ்சினாள். பிறகு பயம் இளகிவிட்டது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பேய் என்றால் பயப்படலாம், பரிமளாவுக்கு எப்படிப் பயப்படுவது? சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்து, அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவாள். இவ்வளவு இறங்கியிருக்கிறதே என்று பார்த்து மனம் நிறைவாள். அறுபது ஓடினால்தானே தனியாள். நாற்பதுதான் ஓடுகிறது. அப்படியென்றால் வந்திருக்கிறாள். இது அவள் போட்ட கணக்கு. இதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்கு விருப்பமில்லை.

வண்டியில் போகும்போது பேச ஆரம்பித்தாள். வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்தது, சிவப்பு மாடு பால் குறைந்தது, வீராயி வாய் நீண்டது எல்லாவற்றையும் சொன்னாள். "நீ சொன்ன மாதிரிதான்டி வாங்கியிருக்கேன். காலு வெக்க எடம் இருக்குல்ல?" என்று கேட்டாள். எதிரே வருகிறவர்கள் போன் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாம் பேசினாள். பேச வேண்டிய அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. ஏரிக்கரை வளைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டு, பிரேக்கில் விரலை வைத்தபடி கடந்துபோவாள்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு மனசு கூசுகிறது. சிந்து அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் பள்ளிக்கூடம். சாயங்காலம் பஸ்ஸில் வந்து முக்கில் இறங்கி, ஊர்ப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேரோடு நடந்து வருவாள். அதே ரோடு, அதே வளைவு. வீட்டில் புதுவண்டி நின்றது. கொளஞ்சி ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடப் போகவில்லை. வண்டி வந்த புதிதில் ஒரு நாள், "வரவா?" என்று ஒப்புக்குக் கேட்டாள். "வேணாம் பெரியம்மா, நான் புள்ளைங்களோட நடந்து வர்றேன்" என்றாள் சிந்து. அந்தப் பதிலைக் கேட்டு கொளஞ்சிக்கு நிம்மதியாக இருந்தது. செத்தவளுக்கு இடம் போட்டு வைத்துவிட்டு, அவள் பெற்ற பிள்ளையை நடக்க விட்டாள். இது கொடுமை என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

பனிக்காலம் வந்தது. ஒருநாள் கொளஞ்சி காட்டிலிருந்து வந்தபோது வாசலில் வண்டியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அங்கமுத்து அதில் வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"குரும்பலூர் மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வந்தேன் புள்ள. இந்த வண்டி எப்பப் பாரு சார்ஜுல கெடக்குதேன்னு பாத்தேன். பின் பிரேக்கு சக்கரத்தோட ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. எவனோ கண்ட மேனிக்கு இறுக்கி வெச்சிருக்கான். பின்னாடி ஒரு ஆளு தொங்குற பாரமாம் அது. லூசு பண்ணிவுட்டான். இனிமே பாரு, பறக்கும்."

கொளஞ்சி தலையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டாள்.

"யாரக் கேட்டு செஞ்சீங்க?"

"என்ன, யாரக் கேட்டு? ரிப்பேரு பண்ண யாரக் கேக்கணும்?"

"நான் சொன்னேனா? வண்டி சரியில்லன்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

கத்தின கத்தலில் வீராயி வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கமுத்து நல்லது செய்துவிட்டுத் திட்டு வாங்கிய மனுசன். ஒன்றும் விளங்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டான்.

அவள் வண்டியை எடுத்தாள். கைப்பிடியைத் திருகியதுமே தெரிந்தது. வண்டி தெருமுனையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை நாள் இழுத்துக்கொண்டே வந்த ஏதோ ஒன்று விட்டுவிட்டது. ஏரிக்கரை வளைவில் திணறவில்லை. அந்த இறக்கத்தில் கையைத் தளர்த்திய பிறகும் அது பாட்டுக்கு ஓடியது. "பரிமளா" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டாள். முக்குவரை போய்த் திரும்பி, மறுபடி முக்குக்கு வந்தாள். ஒரு கட்டம்கூட இறங்கவில்லை. வண்டி காலி. பின்னால் யாரும் இல்லை. எத்தனை நாளாக யாரும் இல்லையோ.

பஸ் நிறுத்தத்து நிழற்குடை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். பரிமளா செத்த அன்றைக்கு ஊரே கூடி அழுதபோது கொளஞ்சிக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. வண்டியின் மேல் கவிழ்ந்துகொண்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் அழுதாள்.

துறையூர் பஸ் வந்து நின்றது. சிந்து இறங்கினாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்ததால் அன்றைக்குக் கூட்டாளிப் பிள்ளைகள் யாரும் இல்லை, தனியாக வந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ரோட்டின் ஓரத்தில் மண்ணிலேயே காலை வைத்து நடக்க ஆரம்பித்தாள். அந்த நடையைக் கொளஞ்சி அதுவரை பார்த்ததில்லை. லாரி ஒன்று கடந்தபோது பிள்ளை அப்படியே நின்று, முள்ளுச்செடிக்குள் ஒதுங்கி, அது போன பிறகு மறுபடி நடந்தது. தினமும் இப்படித்தான் வருகிறாளா? கொளஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏறு சாமி."

சிந்து வண்டியைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். ஏறவில்லை.

"வேணாம் பெரியம்மா. நான் நடந்துக்குறேன்."

"ஏன்டி, ஏறேன்."

"அம்மா எங்க உக்காருவாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. காட்டுப் பாதையில், கிணற்றடியில், ரேஷன் கடை வழியில் பெரியம்மா பின்பக்கம் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டு போவதை அந்தப் பிள்ளை எத்தனை தடவை பார்த்திருந்ததோ. அம்மாவுக்கு இடம் வேண்டும் என்று இத்தனை மாதமாக நடந்து வந்திருக்கிறது. கொளஞ்சிக்கு அழுகைகூட வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நின்றாள்.

"நீ ஓட்டு" என்றாள். "உனக்குத்தான் சைக்கிள் நல்லா வருமே. இதுவும் அதேதான்."

"நானா?"

"உங்கம்மா ஓட்டணும்னுதான் ஆசப்பட்டா. நான்தான் வுடல."

சிந்து பையைக் காலடியில் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியை எப்படித் திருக வேண்டும், பிரேக்கை எப்படித் தொட வேண்டும் என்று கொளஞ்சி காட்டிக்கொடுத்தாள். பிறகு பின்சீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கடையில் எத்தனையோ தடவை ஏறி உட்கார்ந்து பார்த்த சீட்டுதான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளும் அதில் அவள் உட்கார்ந்ததில்லை. யார் மடியிலோ உட்காரப்போவதுபோலக் கூச்சமாக இருந்தது. ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். சீட்டு சில்லென்று இருந்தது. கால் வைக்க இடம் தாராளமாக இருந்தது.

சிந்து தாயைப்போலத்தான். தடுமாறவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கொளஞ்சி வந்தாள். ஏரிக்கரை தெரிய ஆரம்பித்தது. வழக்கமாக வாயை மூடிக்கொள்கிற இடம். இன்றைக்கும் மூடிக்கொண்டால் இனி எப்போதும் திறக்காது என்று தெரிந்தது.

"சிந்து, அன்னிக்கு உங்கம்மா முக்குலேருந்து எனக்குப் போன் பண்ணா. பெரியப்பாவ அனுப்பச் சொன்னா. அவரு வூட்டுலதான் இருந்தாரு. நான் காட்டுல இருக்காருன்னு சொல்லிட்டேன். நடந்து வான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது, வெளியே வந்து காற்றோடு போனது. வண்டி நின்றுவிடும், பிள்ளை இறங்கி ஓடிவிடும், இனி தன் முகத்தில் விழிக்காது என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி நிற்கவில்லை. அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"தெரியும் பெரியம்மா" என்றாள் சிந்து. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க பேசுனப்ப நான் உள்ளதான் உக்காந்து எழுதிட்டிருந்தேன்."

 வளைவுக்கு வந்திருந்தார்கள்.

"பள்ளம் வருது பெரியம்மா" என்றாள் சிந்து. "என்னையப் புடிச்சுக்கங்க."

கொளஞ்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.